ஒரே ரம்பம், இரண்டு காலக்கணக்கு

மரவேலைக் கருவிகளுள் மிக மெலிந்த அலகை உடையது நுண்ரம்பம். 'ஃபிரெட் சா' எனப்படும் கைக்கருவியும், மின்விசையால் இயங்கும் 'ஸ்க்ரோல் சா' என்னும் அதன் இயந்திர வடிவமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அகன்ற பட்டை ரம்பம் நேர்கோட்டில் பலகையைப் பிளக்கும். நுண்ரம்பத்தின் அலகோ தடித்த நூலின் அளவே ஆனது. ஆகவே அது வளைவுகளைப் பின்தொடரும். மயிலின் கொண்டையையும் எழுத்தின் சுழியையும் வெட்டி எடுக்கும். பலகையின் விளிம்பைத் தொடாமல் நடுவில் மட்டும் ஒரு வடிவத்தை வெட்டி நீக்குவதும் இக்கருவியால் இயலும். முதலில் துறப்பணத்தால் ஒரு துளை இடவேண்டும். ரம்பத்தின் அலகை ஒரு முனையில் கழற்றி அத்துளையில் கோத்து மீண்டும் முறுக்கேற்ற வேண்டும். வெட்டி முடித்ததும் கழற்றி அடுத்த துளைக்குச் செல்லவேண்டும். நூறு கண்கள் கொண்ட ஒரு சாளரப் பின்னலுக்கு நூறு முறை கழற்றிக் கோக்கவேண்டும். இக்கருவியின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி முதன்மையானது. இங்கே மரத்தைவிட மிகுதியாகச் செலவாவது நேரம்.

இன்று உலகின் பல நாடுகளில் இக்கருவி ஓய்வுநேர மரவேலைக்காரர்களின் விருப்பக் கருவியாக இருக்கிறது. பணி ஓய்வு பெற்றவர்கள் பேரப்பிள்ளைகளுக்குப் பெயர்ப்பலகையும் புதிர்ப்பொம்மையும் வெட்டித் தருகிறார்கள். திருமணத்துக்கும் பிறந்தநாளுக்கும் கையால் செய்த பரிசு என்றால் பெறுபவர் நெகிழ்கிறார். ஏறத்தாழ இதே ரம்பத்தைக் கொண்டு மைசூரு மண்டி மொகல்லாவின் பட்டறைகளில் நாள் முழுவதும் உழைக்கும் கைவினைஞரின் பொருளும் பெரும்பாலும் பரிசாகவே வாங்கப்படுகிறது. முன்னதற்கு விலையே இல்லை என்கிறோம். பின்னதை விலை கேட்டு, குறைத்து வாங்குகிறோம். ஒரே கருவி, ஒரே வகை உழைப்பு, ஆயினும் அதில் செலவாகும் நேரத்துக்கு இரண்டு வேறு கணக்குகள். இந்த இரட்டைக் கணக்கு எவ்வாறு உருவாயிற்று என்பதை இக்கருவி கடந்து வந்த நானூறு ஆண்டுகள் தெளிவாகக் காட்டுகின்றன.

தமிழில் 'இழை' என்பதன் பழகிய பொருள் நூல். அதனோடு ஒலியொத்த 'இழைத்தல்' என்னும் வினைக்கு மரத்தைச் சீவுதல், ஒன்றனுள் ஒன்றைப் பதித்தல், நுணுக்கமாகச் செய்தல் ஆகிய பொருள்கள் உண்டு. தச்சரின் 'இழைப்புளி' முதற்பொருளுக்குச் சான்று. 'தந்தம் இழைத்த கதவு' என்பதில் இரண்டாம் பொருள் வருகிறது. 'இழைத்து இழைத்துச் செய்திருக்கிறான்' என்ற பாராட்டில் வருவது மூன்றாவது. நூல் போன்ற அலகைக் கொண்டு மரத்தை வெட்டி, மரத்திலேயே பதிக்கும் கலையைப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறு மொழிகளில் கிடைப்பது அரிது.

ஐரோப்பாவில் மரத்தில் மரம் இழைக்கும் கலை இத்தாலியில் பதினைந்தாம் நூற்றாண்டில் உச்சம் தொட்டது. ஊர்பினோ நகரின் கோமகன் ஃபெடெரிகோ ட மோன்டெஃபெல்ட்ரோவின் அரண்மனையில் 1470களில் அமைந்த சிறு படிப்பறை அதற்குச் சான்று. அவ்வறையின் சுவர்களில் பாதி திறந்த அலமாரிகளும் அவற்றினுள் நூல்களும் இசைக்கருவிகளும் இருப்பதுபோல் தோன்றும். அவை அனைத்தும் பல நிற மரத்துண்டுகளை இழைத்து உருவாக்கிய கண்மயக்கு. அக்காலக் கைவினைஞர்கள் கத்தியையும் உளியையுமே பெரிதும் நம்பியிருந்தனர். பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெல்லிய எஃகு அலகுகள் பரவலானபின் இவ்வேலையின் தன்மை மாறியது. மெல்லிய மரப்படலங்களை ரம்பத்தாலேயே நெளிநெளியாக வெட்ட முடிந்தது.

இந்த மாற்றத்தை உச்சிக்குக் கொண்டுசென்றவர் பிரான்சின் ஆன்ட்ரே ஷார்ல் பூல் (1642–1732). பதினான்காம் லூயி மன்னருக்காக உழைத்த இவரது பட்டறையில் பித்தளைத் தகடும் ஆமையோடும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு ஒரே வெட்டில் அறுக்கப்பட்டன. அவ்வாறு அறுக்கும்போது இரண்டு ஓவியங்கள் கிடைக்கும். ஆமையோட்டுப் பரப்பில் பித்தளைக் கொடி படர்வது ஒன்று. பித்தளைப் பரப்பில் ஆமையோட்டுக் கொடி படர்வது மற்றொன்று. இரண்டையும் தனித்தனி அறைகலன்களில் பதித்து இணையாக விற்கலாம். பொருளும் வீணாகாது, நேரமும் பாதியாகும். அரண்மனைக்குரிய ஆடம்பரத்தின் அடியிலும் நேரத்தை மிச்சப்படுத்தும் ஒரு தொழிற்கணக்கு இருந்தது. அக்காலத்தில் நுண்ரம்பம் முழுமையாகப் பிழைப்புக்கான கருவி. தேர்ந்த தொழிலாளர் கையைத் தவிர வேறெங்கும் அது காணப்படவில்லை.

அடுத்த நூற்றாண்டில் இக்கருவி குழந்தைகளின் உலகத்துக்குள் நுழைந்தது. இலண்டனில் நிலப்படச் செதுக்குநராக இருந்த ஜான் ஸ்பில்ஸ்பரி 1760களில் நிலப்படங்களை மகாகனி மரப்பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளின் வழியே அறுத்து விற்றார். சிதறிய நாடுகளை மீண்டும் பொருத்துவதன் மூலம் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் புவியியல் கற்றனர். 'அறுத்த நிலப்படம்' என்ற பொருள்படும் பெயரால் அழைக்கப்பட்ட இப்பொருளே இன்றைய 'ஜிக்சா' புதிரின் மூதாதை. அப்பெயர் வந்தது மிகவும் பிற்காலத்தில். 'ஜிக்' என்பது துள்ளி ஆடும் ஒரு நடனம். மேலும் கீழுமாகத் துள்ளும் ரம்ப இயந்திரத்துக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது புதிருக்கும் பரவியது. அறுக்கும் கருவியின் பெயரே அறுபட்ட பொருளின் பெயராயிற்று. அறுத்தவரின் பெயருக்கு இக்கதையில் இடமில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இயந்திரங்கள் இக்கருவியின் வாழ்வை இரண்டாகப் பிரித்தன. நீராவியால் இயங்கிய பெரிய ரம்பங்கள் அமெரிக்க மர ஆலைகளில் வீட்டுக் கூரை விளிம்புகளுக்கான பூவேலைப் பலகைகளை மலிவாக அறுத்துத் தள்ளின. தேர்ந்த தச்சர் பல நாள் செய்த வேலையை ஆலை சில மணி நேரத்தில் முடித்தது. அதே தலைமுறையில் தையல் இயந்திரத்தைப்போல் காலால் மிதித்து இயக்கும் சிறு ரம்ப இயந்திரங்கள் வீடுகளுக்காக விற்பனைக்கு வந்தன. இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டின் பார்ன்ஸ் நிறுவனமும் மாசசூசெட்ஸின் மில்லர்ஸ் ஃபால்ஸ் நிறுவனமும் 1870களிலும் அதன் பின்னரும் இத்துறையில் பெயர்பெற்றன. பட்டறையில் கைத்தொழிலின் தேவை குறைந்துகொண்டிருந்த அதே காலத்தில், அத்தொழிலின் கருவி வரவேற்பறைக்கு ஓர் இன்பமாகச் சென்றது.

அக்காலத்து அமெரிக்காவில் இந்த வேலைக்குச் 'சொரென்டோ வேலை' என்றும் ஒரு பெயர் வழங்கியது. இத்தாலியின் சொரென்டோ நகரம் பயணிகளுக்கான மர இழைப்புப் பெட்டிகளுக்குப் புகழ்பெற்றிருந்ததே காரணம். சுருட்டுப் பெட்டிகளின் மெல்லிய பலகையே தொடக்கக்காரர்களுக்குப் போதுமான மரமாக இருந்தது. சுவர்மூலைத் தட்டுகள், கடிகாரத் தாங்கிகள், படச்சட்டங்கள், தையற்பெட்டிகள் ஆகியவை கிறிஸ்துமஸ் பரிசாகக் குடும்பங்களுக்குள் கைமாறின. இளைஞர்கள் இந்த இயந்திரத்தால் கைச்செலவுக்கும் சம்பாதிக்கலாம் என்று விற்பனை விளம்பரங்கள் ஆசை காட்டின. பொழுதுபோக்கு என்று விற்கப்பட்ட முதல் தலைமுறையிலேயே பிழைப்பின் நிழலும் அதன்மேல் விழுந்திருந்தது.

இங்கிலாந்தில் இம்மோகத்துக்கு நிலையான வடிவம் தந்தது நார்ஃபோக் வட்டாரத்தின் டெரம் என்னும் சிற்றூர். அங்கிருந்த நிறுவனம் மரப்பலகை, ரம்பம், வரைபடம் மூன்றையும் அஞ்சல்வழி விற்றது. 1895இல் அது தொடங்கிய வார இதழின் பெயரே 'ஹாபீஸ்'. வாரந்தோறும் இதழுடன் வந்த வரைபடத்தைப் பலகையில் ஒட்டி அதன் கோட்டின் வழியே அறுத்தால் ஒரு பொருள் உருவாகிவிடும். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இவ்விதழ் வெளிவந்தது. 'ஹாபி' என்னும் சொல்லின் வரலாறும் சுவையானது. அது முதலில் ஒரு சிறு குதிரையைக் குறித்தது. பிறகு குழந்தைகள் ஏறி ஓடும் மரக்குதிரையை. பிறகு ஒருவர் பயனேதும் கருதாமல் விரும்பிச் செய்யும் செயலை. எங்கும் கொண்டுசேர்க்காத பொம்மைக் குதிரைச் சவாரியே அச்சொல்லின் உட்கிடை. தமிழின் 'பொழுதுபோக்கு' நேரத்தையே பெயரில் தாங்கியிருக்கிறது. கழித்துவிடுவதற்கு ஒருவரிடம் பொழுது மிஞ்சியிருக்கவேண்டும் என்பது அச்சொல்லின் முன்நிபந்தனை.

பொழுது மிஞ்சியவர்கள் யார் என்ற வினா 1908இல் அமெரிக்காவில் எழுந்த புதிர் மோகத்தில் வெளிப்படையாகத் தெரிந்தது. அவ்வாண்டில் பெரியவர்களுக்கான மரப்புதிர்கள் திடீரெனப் பரவின. 500 துண்டுகள் கொண்ட ஒரு புதிரின் விலை ஏறத்தாழ 5 டாலர். சராசரித் தொழிலாளியின் மாத வருவாயோ 50 டாலர் அளவே. வாங்கி விளையாடியவர்கள் செல்வர்கள். அறுத்துத் தந்தவர்களோ கூலிக்கு உழைத்தவர்கள். 1909இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் தன் பிற விளையாட்டுகளை நிறுத்திவிட்டு ஆலை முழுவதையும் புதிர் உற்பத்திக்குத் திருப்பியது. அங்கே ரம்பத்தின்முன் அமர்ந்தவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். மிதிகட்டையால் இயங்கும் தையல் இயந்திரத்தில் பழகிய கால்களுக்கு இவ்வேலை எளிதில் வரும் என்பது அக்கால முதலாளிகளின் கணிப்பு. அந்நிறுவனம் தன் புதிர்களுக்கு இட்ட பெயர் 'பேஸ்டைம்', அதாவது பொழுதுபோக்கு. ஒருத்தியின் வேலைநேரம் மற்றொருவரின் பொழுதுபோக்காகப் பெட்டியில் அடைக்கப்பட்டது.

கால் நூற்றாண்டு கழித்து இந்த உறவு தலைகீழாயிற்று. 1929இன் பங்குச்சந்தை வீழ்ச்சிக்குப் பின் வந்த பெருமந்தத்தில், 1933 அளவில் அமெரிக்க உழைப்பாளர்களில் நால்வருக்கு ஒருவர் வேலையின்றி இருந்தனர். அதுவரை சிலருக்கே வாய்த்திருந்த பொழுது இப்போது எல்லோரிடமும் வேண்டாத அளவுக்குக் குவிந்திருந்தது. 1932 இலையுதிர் காலத்தில் அட்டைப் புதிர்கள் வாரம் ஒன்றாகச் செய்தித்தாள் கடைகளில் 25 சென்ட்டுக்கு வரத்தொடங்கின. 1933இன் தொடக்கத்தில் வாரத்துக்கு ஒரு கோடி புதிர்கள் விற்றன. அதே வேளையில் வேலை இழந்த தச்சர்களும் கட்டடக் கலைஞர்களும் தங்கள் வீட்டு ரம்பங்களை மீண்டும் எடுத்தனர். பொழுதுபோக்காக வைத்திருந்த கருவியால் மரப்புதிர்களை அறுத்து அக்கம்பக்கத்தில் விற்றனர். மருந்துக்கடைகளும் நூலகங்களும் அவற்றை வாடகைக்கு விட்டன. சிதறிக்கிடக்கும் துண்டுகள் ஒவ்வொன்றாக இடம் சேர்ந்து முழுமையாவதில் அக்காலத்து மனிதர்கள் ஆறுதல் கண்டிருக்க வேண்டும். அறுத்தவர்களுக்கோ அது அடுத்த வார அடுப்பெரிப்பு.

வேலையிழந்த இருவர், ஃபிராங்க் வேர், ஜான் ஹென்ரிக்ஸ் என்போர், 1932இல் நியூயார்க்கில் ஒரு சாப்பாட்டு மேசையின்மீது புதிர் அறுக்கத் தொடங்கினர். அவர்களது 'பார்' நிறுவனம் பிற்காலத்தில் ஆடம்பரப் புதிர்களுக்குப் பெயர்பெற்றது. புதிரைப் பரிசாகப் பெறுபவரின் பெயரெழுத்துகளையும் பிறந்தநாளையும் துண்டுகளின் வடிவமாகவே அவர்கள் அறுத்துத் தந்தனர். ஒரே ஒருவருக்காக, ஒரே ஒருமுறை செய்த பொருள் என்பதே அதன் மதிப்பு. கைவினைப் பரிசின் இலக்கணத்தை அவர்கள் சரியாகப் பிடித்திருந்தனர். கொடுப்பவர் பெறுபவரை நினைத்துச் செலவிட்ட நேரத்தின் தோற்றத்தையே பரிசு தாங்கியிருக்கிறது. அந்நேரத்தைக் கொடுப்பவருக்குப் பதிலாகச் செலவிட்டவர் ரம்பத்தின்முன் அமர்ந்திருந்தவர்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்காவில் மரப்புதிர்த் தொழில் சரிந்தது. அதற்குச் சுவை மாறியது மட்டும் காரணமன்று. கூலி உயர்ந்தது. அறுபடும் ஒவ்வொரு துண்டுக்கும் ஆகும் நேரம் ரம்பம் தோன்றிய நாள்முதல் பெரிதாகக் குறையவில்லை. நேரத்தின் விலை ஏறியபோது, நேரத்தால் ஆன பொருள் வாங்க முடியாததாயிற்று. அச்சு வார்ப்பால் ஒரே அழுத்தத்தில் வெட்டப்படும் அட்டைப் புதிர்கள் சந்தையை எடுத்துக்கொண்டன. 1974இல் வெர்மான்ட்டில் தொடங்கப்பட்ட 'ஸ்டேவ்' நிறுவனம் போன்ற சில மட்டுமே செல்வர்களுக்கான கைப்புதிரைத் தொடர்ந்தன. அந்த 1970களில்தான் ஜெர்மனியின் ஹெக்னர் நிறுவனம், இணையான இரு கரங்களுக்கிடையே அலகின் முறுக்கு மாறாமல் காக்கும் மின் ரம்பத்தைக் கொண்டுவந்தது. அலகு அடிக்கடி ஒடிவது குறைந்தது, வெட்டு வழவழப்பாயிற்று. பிழைப்பு விலகிய இடத்தில் பொழுதுபோக்கு மீண்டும் குடியேறியது. இன்றைய ஸ்க்ரோல் சா ஆர்வலர்களின் உலகம் அங்கிருந்து தொடங்குகிறது.

பொழுதுபோக்குக்கும் பிழைப்புக்கும் இடையே மூன்றாவதாக ஒரு வழியையும் பத்தொன்பதாம் நூற்றாண்டு கண்டது. அது பள்ளிக்கூடம். பின்லாந்தில் ஊனோ சிக்னேயஸ் 1860களில் கைவேலையைப் பள்ளிப்பாடமாக்கினார். சுவீடனின் நேஸ் என்னுமிடத்தில் ஓட்டோ சாலமன் அதனை 'ஸ்லாய்ட்' என்ற பயிற்சி முறையாக வளர்த்து, உலகெங்கிலுமிருந்து வந்த ஆசிரியர்களுக்குக் கற்பித்தார். மாணவர் செய்யும் பொருள் வீட்டுக்குப் பயன்படவேண்டும் என்பது அம்முறையின் அடிப்படை விதிகளுள் ஒன்று. குழந்தை தான் செய்த கரண்டியையோ தட்டையோ வீட்டுக்கு எடுத்துச்சென்று தாயிடம் கொடுக்கும். அங்கே நேரத்துக்கு விலையும் இல்லை, வீணும் இல்லை, அது கல்வி.

இந்தியாவில் இவ்வினா வேறு கடுமையுடன் எழுந்தது. இங்கே ரம்பமும் உளியும் பிறப்பால் வகுக்கப்பட்ட தொழில்களின் கருவிகளாக இருந்தன. எழுத்து ஒரு சாராருக்கும் கைவேலை மற்றொரு சாராருக்கும் என்று பிரிந்திருந்த சமூகத்தில், படித்தவர் பொழுதுபோக்குக்காக மரம் அறுப்பது எளிதில் வேரூன்றக்கூடிய வழக்கமாக இல்லை. 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் தலைமையில் கூடிய தேசியக் கல்வி மாநாடும், அதன்பின் ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழுவின் அறிக்கையும் கைத்தொழிலைக் கல்வியின் மையத்தில் வைத்தன. நூற்பும் நெசவும், தச்சு, வேளாண்மை, தோல்வேலை போன்றவை அடிப்படைக் கைத்தொழில்களாகக் குறிக்கப்பட்டன. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பட்டறையில் உட்காரவேண்டும் என்பதில் அத்திட்டத்தின் சமூகத் துணிவு இருந்தது.

ஆயினும் மாணவர்கள் செய்யும் பொருள்களின் விற்பனையால் பள்ளியின் செலவு ஈடுகட்டப்படலாம் என்ற கருத்து கடும் விவாதத்தைக் கிளப்பியது. குழந்தைகளின் நேரம் கூலியாகிவிடும் என்று சிலர் அஞ்சினர். அரசு ஆதரவுடன் பள்ளிகள் செய்யும் பொருள் சந்தைக்கு வந்தால், அதே பொருளைச் செய்து பிழைக்கும் கைவினைஞரின் கதி என்னவாகும் என்ற கேள்வியும் எழுந்தது. கணக்கில் வராத நேரத்தால் ஆன பொருள், கணக்கில் வரும் நேரத்தால் ஆன பொருளோடு ஒரே கடைத்தட்டில் நிற்கும்போது தோற்பது யார் என்பதே அக்கேள்வியின் சாரம். விடுதலைக்குப் பின் ஆதாரக் கல்வித் திட்டம் மெல்ல மங்கியது. அந்தக் கேள்வி மட்டும் நின்றுவிட்டது. அதற்கு இந்தியாவில் மிகத் தெளிவான விடை கிடைக்கும் இடங்களுள் ஒன்று மைசூரு.

மைசூருவின் இழைப்புக் கலை உடையார் மன்னர்களின் ஆதரவில் வளர்ந்தது. 1897இல் பழைய மர அரண்மனை தீக்கிரையானபின், ஹென்றி இர்வினின் வடிவமைப்பில் எழுந்து 1912இல் நிறைவுற்ற அம்பா விலாஸ் அரண்மனையில் தந்தம் இழைத்த ஈட்டிமரக் கதவுகளை இன்றும் காணலாம். அந்நகரின் சாமராஜேந்திர தொழில்நுட்பக் கழகம் இத்தகைய கலைகளைப் பயிற்றுவித்தது. அக்கழகத்தின் வளாகத்தில், சையாஜி ராவ் சாலையில், இப்போது கர்நாடக அரசின் 'காவேரி' கைவினை விற்பனையகம் இயங்குகிறது.

இக்கலையின் முதற்பொருள் ஈட்டி மரம். தமிழில் ஈட்டி, தோதகத்தி எனவும் மலையாளத்தில் ஈட்டி, வீட்டி எனவும் கன்னடத்தில் பீட்டெ எனவும் அது வழங்குகிறது. தமிழ், மலையாள வகரத்துக்குக் கன்னடத்தில் பகரம் வருவது திராவிட மொழியியல் நன்கறிந்த ஒலிமாற்றம். 'வேண்டு' என்பதற்குக் கன்னடத்தில் 'பேடு' என வருவதுபோல், வீட்டி அங்கே பீட்டெ ஆகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் இருபுறத்து மக்களும் ஒரே மரத்தை ஒரே சொல்லின் வேறுபாடுகளால் அழைத்து வந்திருக்கிறார்கள்.

வேலைமுறை இவ்வாறு அமையும். முதலில் ஓவியர் தாளில் உருவத்தை வரைகிறார். யானையா, தசரா ஊர்வலமா, கிராமக் காட்சியா என்பது அங்கே முடிவாகிறது. பிறகு அவ்வரைபடம் பகுதி பகுதியாகப் பிரிக்கப்படுகிறது. வானத்துக்கு ஒரு மரம், ஆடைக்கு ஒன்று, தோலின் நிறத்துக்கு ஒன்று. பலாவின் மஞ்சள், கருங்காலியின் கருமை எனச் சாயமே இல்லாமல் மரங்களின் இயல்பான நிறங்களே வண்ணத்தட்டாகின்றன. ஒவ்வொரு பகுதியும் நுண்ரம்பத்தால் தனித்தனியே அறுக்கப்படுகிறது. ஈட்டிப் பலகையில் அதே வடிவங்களுக்குக் குழி தோண்டப்படுகிறது. துண்டுகள் பசையிட்டுப் பதிக்கப்படுகின்றன. இடுக்குகள் மரத்தூளும் பசையும் கலந்து அடைக்கப்படுகின்றன. உப்புத்தாளால் தேய்த்துச் சமன்செய்தபின் முகத்தின் கண், ஆடையின் மடிப்பு போன்ற நுண்கோடுகள் கீறப்படுகின்றன. இறுதியில் மெருகு. ஒரு சிறிய படத்திலேயே பல டஜன் துண்டுகள் இருக்கும். ஒவ்வொன்றும் ரம்பத்தின்முன் தனித்தனியே அமர்ந்து எழுந்த ஒரு காலத்துளி.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி இக்கைவினைஞர்களிடமிருந்து பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986இல் வந்த திருத்தம் இந்தியத் தந்த வணிகத்தை நிறுத்தியது. 1991இல் ஆப்பிரிக்கத் தந்தத்துக்கும் கதவு அடைக்கப்பட்டது. யானைகளின் உயிர்காக்க அது தேவையான சட்டம்தான். தந்தம் இருந்த இடத்துக்குப் பிளாஸ்டிக் வந்தது, வெளிர்நிற மரங்களும் வந்தன. ஈட்டி மரமும் அரிதாகி வந்தது. 2017இன் தொடக்கத்திலிருந்து அந்த மரஇனம் முழுவதும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் 'சைட்டீஸ்' உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. சிறு பரிசுப்பொருளை ஏற்றுமதி செய்வதற்கும் அனுமதித்தாள் தேவைப்பட்டது. 2022இல் பனாமாவில் கூடிய மாநாட்டில், ஒவ்வொன்றும் 10 கிலோவுக்குக் குறைவான எடை கொண்ட பொருள்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது இந்தியக் கைவினைஞர்களுக்கு ஓரளவு மூச்சுவிட இடம் தந்தது.

பொருளுக்கு இத்தனை சட்டங்களும் பட்டியல்களும் விலக்குகளும் உண்டு. 'மைசூரு ஈட்டிமர இழைப்பு' என்ற பெயருக்கும் புவிசார் குறியீட்டின் காப்பு உண்டு. நேரத்துக்கு மட்டும் எந்தப் பட்டியலும் இல்லை. விலை பேசும்போது வாங்குபவர் மரத்தின் அளவைப் பார்க்கிறார், சட்டகத்தைப் பார்க்கிறார், பக்கத்துக் கடையில் இதுபோன்ற ஒன்று என்ன விலை என்று கேட்கிறார். துண்டுகளின் எண்ணிக்கையைக் கேட்பவர் அரிது. இதனிடையே லேசர் வெட்டும் இயந்திரம் நகரங்களுக்கு வந்துவிட்டது. பெயர் பொறித்த மரப்பரிசு இன்று சில நிமிடங்களில் கிடைக்கிறது. ஒளிக்கற்றை சுட்ட விளிம்பின் பழுப்புக் கருக்கலே அதன் அடையாளம். அப்பரிசும் 'கைவினை' என்ற பெயரிலேயே பல இடங்களில் விற்கப்படுகிறது. கைப்பட்ட நேரத்தின் மதிப்பு இன்னும் அழியவில்லை என்பதற்கு அப்பொய்யே சான்று. மதிப்பில்லாத ஒன்றைப் போலியாக்க யாரும் மெனக்கெடுவதில்லை.

ஓய்வுநேரத்தில் தாமே அறுத்துப் பரிசளிப்பவரைக் குறைசொல்ல இவ்வரலாற்றில் எதுவும் இல்லை. மாறாக, இரண்டு கணக்குகளையும் ஒன்றாக்கக்கூடியவர் அவரே. நூறு துளைகளில் நூறு முறை அலகைக் கோத்து, தொண்ணூற்றொன்பதாவது கண்ணில் அலகு ஒடிய, மீண்டும் தொடங்கிய அனுபவம் அவருக்கு உண்டு. மைசூருக் கடையில் ஒரு யானைப் படத்தின்முன் நிற்கும்போது அதில் எத்தனை மணி நேரம் அடங்கியிருக்கிறது என்பதைக் கை வழியாக அறிந்தவர் அவர். தம் நேரத்தை விலைமதிப்பற்றது என்று கருதுபவர், அதே வேலையைப் பிழைப்பாகச் செய்பவரின் நேரத்தை மலிவானது என்று கருதுவதற்கு நியாயம் காண்பது கடினம். வார்தாவில் கைவேலையைக் கல்வியாக்க விரும்பியவர்களின் நோக்கங்களுள் ஒன்றும் இதுதான்: செய்து பார்த்தவர் மதிக்கக் கற்பார்.

இந்திய அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் பணி ஓய்வு விழாக்களில் மைசூரு இழைப்புப் படங்கள் நினைவுப் பரிசாக வழங்கப்படுவதைக் காணலாம். படத்தின் அடியில் சிறு பித்தளைத் தகடு ஒன்று இருக்கும். பரிசு பெறுபவரின் பெயர், கொடுக்கும் அமைப்பின் பெயர், நாள் ஆகியவை அதில் பொறிக்கப்பட்டிருக்கும். பொழுதுபோக்காக மரம் அறுப்பவர் தம் பொருளின் பின்புறத்தில் தம் பெயரையும் ஆண்டையும் எழுதிவைப்பது வழக்கம். மைசூருப் படத்தைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் வெறும் பலகையே இருக்கும். அந்த வெற்றுப் பலகையில் ஒரு பெயருக்கு இடம் உண்டு. அதைக் கேட்டு வாங்குவது பரிசு வாங்குபவரால் முடியும்.